எடைக்காரம்மாவின் மணல் மூட்டை

விளையாட்டுச் சாமான் கடைக்குள் எடைக்காரம்மா நுழைந்தபோது, அவள் கைப்பையில் ஒரு கொக்கித் தராசும் ஒரு இஞ்சு டேப்பும் இருந்தன. விற்பனையாளருக்கு அது தெரியாது. வயதான அம்மா பேரனுக்குப் பந்து வாங்க வந்திருக்கிறாள் என்று நினைத்து, பந்து இருக்கும் பக்கம் கையைக் காட்டினான். அவள் நேராக டம்பெல் அடுக்கிய இடத்துக்குப் போய், ஐந்து கிலோ என்று எழுதியிருந்த ஒன்றை எடுத்துக் கொக்கியில் மாட்டினாள். நாலு கிலோ எழுநூறு காட்டியது. அதன் ஜோடியை மாட்டினாள். ஐந்து கிலோ இருநூறு.

“இதுல எது அஞ்சு?” என்று கேட்டாள்.

கம்பெனியில் அப்படித்தான் வருகிறது, ரெண்டையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு சரியாகிவிடும் என்று சமாளித்தான் அவன். சரியான ஆளிடம்தான் போய்ச் சொன்னான். முப்பத்தொரு வருஷம் இதே சமாதானத்தை விதவிதமான வாயிலிருந்து கேட்டவள் அவள்.

எடைக்காரம்மா முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவது, இல்லாவிட்டால் பறிமுதல் செய்வது. அதுதான் வேலை. தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியவன், எடைக்கல்லைக் குடைந்து மெழுகு அடைத்தவன், நிறுக்கும்போது சுண்டு விரலால் தட்டைத் தடவிக் கொடுப்பவன் என்று எல்லோரையும் பார்த்தாயிற்று. ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் கழித்துப் போட்டிருந்த பித்தளை எடைக்கற்களை மரப்பெட்டியோடு அவளுக்கே கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவை சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அவள் கணவர், கல்யாணத்தன்று தன்னையும் ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் அவள் சரி என்றாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர்.

அந்த மனுஷன் இப்போது படுக்கையில் கிடந்தார். பல்பு மாற்ற ஏணியில் ஏறி, கடைசிப் படியில் கால் நழுவி விழுந்ததில் முதுகெலும்பில் அடி. வலது கால் பாதி சொன்ன பேச்சுக் கேட்கும். இடது கால் கேட்கவே கேட்காது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த காகிதத்தில் எடை அறுபத்து நாலு கிலோ என்று இருந்தது. அந்த ஒரு காகிதத்தை மட்டும் அவள் சந்தேகப்படவில்லை, ஏனென்றால் நிறுத்தபோது அவளே பக்கத்தில் நின்று முள்ளைப் பார்த்திருந்தாள்.

வெளியூரில் இருக்கும் ஒரே மகள் வந்து பத்து நாள் இருந்தாள். காலையிலும் மாலையிலும் வந்து தூக்கி உட்காரவைத்த உதவியாள் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான். மகள் தன் ஊரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் படுக்கை பார்த்து வைத்துவிட்டாள். எடைக்காரம்மா தானே தூக்குவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

“அம்மா, உனக்கு அம்பத்தொம்பது வயசு,” என்றாள் மகள். “நீ விழுந்தா ரெண்டு பேரும் விழுவீங்க. அப்புறம் நான் எத்தனை பேரைத் தூக்குறது?”

நியாயமான கேள்விதான். அதனால்தான் எடைக்காரம்மாவுக்குக் கோபம் வந்தது. கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். ஆறு மாதம் அவகாசம். அதுவரை பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு உறவுக்காரர் வந்து தூக்கி, குளிப்பாட்டிவிடுவார். ஆறு மாதம் முடிந்ததும், வீட்டுக்கு வந்து அவருக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிப் பெண்ணின் முன்னால் எடைக்காரம்மா அவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் தடுமாறாமல் மூன்று தடவை மாற்ற வேண்டும். மாற்றினால் அவர் வீட்டில் இருப்பார். இல்லையென்றால் இல்லம்.

பிசியோ பெண் சனிக்கிழமைதோறும் வருவாள். ஒல்லியான சின்னப் பெண். கையால் தூக்கக் கூடாது, முதுகால் தூக்கவே கூடாது, காலால்தான் தூக்க வேண்டும் என்றாள். இவளுக்கு என்ன தெரியும் என்று எடைக்காரம்மா அவளையே தூக்கிக் காட்டச் சொன்னாள். அந்தப் பெண் அவர் இடுப்பில் அகலமான துணிப் பட்டையைக் கட்டி, முழங்காலோடு முழங்கால் முட்டுக் கொடுத்து, மூச்சுக்கூட வாங்காமல் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தாள். அவருடைய வலது கால் பாதி பாரம் தாங்கும், அதனால் அவர் எடையில் பாதியை, முப்பத்திரண்டு கிலோவை, அணைத்துக்கொண்டு எழுந்திருக்க முடிந்தால் போதும் என்றாள். எடைக்காரம்மா பாதி நம்பினாள். அவளிடம் பாதி நம்பிக்கை கிடைப்பதே பெரிய விஷயம்.

அதற்குத்தான் இந்தக் கடை. டம்பெல் கதை முடிந்ததும் விற்பனையாளன் ரப்பர் பட்டையைக் காட்டினான். இதை இழுத்தால் பத்து கிலோ தூக்கினதுக்குச் சமம் என்றான். எவ்வளவு தூரம் இழுத்தால் பத்து கிலோ என்று அவள் கேட்டாள். அவன் இழுத்துக் காட்டி, இவ்வளவு என்றான். அவள் டேப்பை எடுத்தாள். அவன் முகம் போன போக்கைப் பார்த்து, பக்கத்தில் நின்ற இன்னொருவன் நழுவிவிட்டான். மூலையில் கப்பியும் கம்பிக் கயிறுமாக ஒரு இயந்திரம் நின்றது. கப்பி வழியாக வரும் எடையில் எவ்வளவு உராய்வு, எவ்வளவு நிஜம் என்று யாருக்குத் தெரியும்? கடைசியில் வழுக்காத ரப்பர் விரிப்பு ஒன்றை மட்டும் வாங்கினாள். அதையும் தரையில் தண்ணீர் தெளித்து ஏறி நின்று பார்த்த பிறகுதான் வாங்கினாள்.

“இரும்புல பழகி என்ன பிரயோஜனம்?” என்று வீட்டில் வந்து கணவரிடம் சொன்னாள். “நீங்க என்ன கைப்பிடி வெச்சா பொறந்தீங்க?”

மனுஷ உடம்பு தொய்யும், சரியும், பிடி கொடுக்காது. மணல் மூட்டையும் அப்படித்தான். பின்பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் கெட்டிக் கித்தானில் இரட்டைத் தையல் போட்டு நீளமான பை ஒன்று தைத்து வாங்கினாள். மணல் வந்தது. ஈர மணல் இன்று ஒரு எடை, நாளை ஒரு எடை காட்டும் என்பதால், பெரிய இரும்புச் சட்டியில் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு நாள் வறுத்தாள். உப்புப் போட மறந்துவிடாதே என்று படுக்கையிலிருந்து அவர் குரல் கொடுத்தார்.

திங்கள், புதன், வெள்ளி காலை பத்து மணி. பத்துக் கிலோ மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து எழுந்திருப்பது எட்டுத் தடவை, அப்படி மூன்று சுற்று. தாழ்வான பலகையிலிருந்து கட்டில் உயரத்துக்கு மூட்டையைத் தூக்கி வைப்பது. பிறகு அதைக் கட்டிக்கொண்டு வாசற்கதவிலிருந்து சமையலறைவரை நடை. வாரத்துக்கு முக்கால் கிலோ மணல் கூடும். எல்லாவற்றையும் பெரிய காகிதத்தில் கட்டம் போட்டு எழுதி, கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினாள். சுற்றுக்கு இடையில் ஒரு நிமிஷம் ஓய்வு. சுவர்க் கடிகாரம் வேகமாக ஓடுகிறதோ என்று அதையும் போனோடு ஒப்பிட்டுப் பார்த்தாள்.

எண்ணுவது கணவரின் வேலை. இரண்டாவது வாரமே அவரைப் பிடித்துவிட்டாள். ஐந்து, ஆறு, எட்டு என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

“ஏழு எங்கே?”

“மூச்சு வாங்குறியேன்னு பார்த்தேன்,” என்றார்.

அன்றிலிருந்து அவளே எண்ணிக்கொண்டாள். விட்டுப்போன அந்த ஏழாம் எண்ணை மட்டும் அவள் மறக்காமல் வைத்திருந்திருந்தால், பின்னால் அவ்வளவு தூரம் சுற்றி அலைந்திருக்க வேண்டியதில்லை.

மூன்றாம் மாதம் முடிகிறவரை அவரைத் தூக்குவது பெரும்பாடாக இருந்தது. பிசியோ பெண் பக்கத்தில் நிற்க, பட்டையைப் பிடித்து எழுப்பினால் பாதியிலேயே தொடை நடுங்கும். இருவரும் கட்டிலிலேயே பொத்தென்று உட்காருவார்கள். நடுவில் இரண்டு வாரம் அவளுக்குக் காய்ச்சல் வேறு. எழுந்து வந்து கட்டங்களைப் பார்த்தபோது இரண்டு காலியாக இருந்தன. அன்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவர் இல்லாத வீட்டில் எதை நிறுத்துப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று இருந்தது அவளுக்கு.

அப்புறம்தான் அது நடந்தது. ஐந்தாம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவரை எழுப்பினாள், அவர் பாட்டுக்கு எழுந்து வந்துவிட்டார். பிசியோ பெண் கை தட்டினாள். மகள் போனில் சந்தோஷப்பட்டாள். வேறு யாராக இருந்தாலும் இனிப்புச் சாப்பிட்டிருப்பார்கள். எடைக்காரம்மா காகிதத்துக்கு முன்னால் போய் நின்று கட்டம் கட்டமாகப் பார்த்தாள். மூட்டை இப்போதுதான் இருபத்து மூன்றரை. அதோடு எட்டாவது தடவை எழுந்திருக்கும்போது அவள் முழங்கால் முனகுகிறது, அவரில் பாதியோ முப்பத்திரண்டு. அப்படியிருக்க இந்த ஆள் மட்டும் எப்படி இவ்வளவு சுலபமாக வருகிறார்?

தானாக வந்த நல்லது எதையும் அவள் சர்வீஸில் நம்பியதில்லை. விசாரணையைத் தொடங்கினாள். முதல் சந்தேகம் மூட்டை மேல். எலி கடித்து மணல் ஒழுகியிருக்குமோ என்று தையல் தையலாகத் தடவினாள். மூட்டை சரி. கொக்கித் தராசு பொய் சொல்கிறதோ என்று கட்டிலருகே அலமாரியில் இருந்த மரப்பெட்டியைத் திறந்து, பித்தளைக் கற்களை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தாள். தராசும் சரி. கட்டிலின் உயரத்தை யாராவது மாற்றினார்களா என்று டேப் வைத்து அளந்தாள். அடுத்த சந்தேகம் பிசியோ பெண் மேல். பக்கத்தில் நிற்கிற சாக்கில் பின்னாலிருந்து தாங்கிக் கொடுக்கிறாளோ? அடுத்த சனிக்கிழமை அவளைக் கதவருகே நிற்கச் சொன்னாள். அப்போதும் அவர் சுலபமாகத்தான் வந்தார். ஒருவேளை இடது காலுக்கு உயிர் வந்துவிட்டதோ என்று ஒரு ஆசை தட்டியது. பிசியோ பெண் காலைச் சோதித்துவிட்டு, போன மாதம் இருந்த மாதிரிதான் இருக்கிறது என்றாள். அந்த ஆசைக்காக எடைக்காரம்மா தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

இத்தனையையும் அவர் படுக்கையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கழுத்துவரை போர்வை. மூன்று மாதமாக முகத்தில் தாடி வேறு வளர்த்திருந்தார். ஓட்டுநர் வேலையில் ஒரு நாள்கூடச் சவரம் செய்யாமல் போகாத ஆள், இப்போதாவது முகத்துக்கு லீவு கொடுக்கிறேன் என்று சொல்லியிருந்தார். அவள் அதை நம்பிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை, மூட்டையின் மூலையில் புதிதாகப் பிரிந்த தையலைச் சரிசெய்யச் சொல்லிவிட்டு வரப் பின்வாசல் வழியாகப் போனாள். தையல்காரரின் நாய் அவளைக் கண்டாலே குரைக்கும். இன்று வாலை ஆட்டிக்கொண்டு வந்து காலைச் சுற்றியது. எலும்பும் தோலுமாக இருந்த நாய், பக்கவாட்டில் பார்த்தால் பீப்பாய் மாதிரி இருந்தது.

“உங்க வீட்டுச் சாப்பாடுதான்கா,” என்று தையல்காரர் சிரித்தார். “நாலு மாசமா மதியம் ஆனா உங்க ஜன்னலுக்குக் கீழேதான் போய் உட்காருது. நீங்க போடுறதாத்தான் நான் நினைச்சேன்.”

இங்கே குறைந்தது எங்கேயாவது கூடியிருக்கும் என்பது அவள் வேலையில் முதல் நாள் கற்றுக்கொண்டது. நீ பார்த்துக்கொண்டே இருந்தால் சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது, நீ போய்ச் சாப்பிடு என்று அவர் சொல்ல ஆரம்பித்தும் நாலு மாதம் இருக்கும். கட்டில் ஜன்னலோரம். அவர் கை நன்றாகத்தான் இருக்கிறது.

அன்று மதியமே முனைக் கடையிலிருந்து மூட்டை நிறுக்கும் மேடைத் தராசை வரவழைத்துக் கட்டிலருகே வைத்தாள். எதற்கு இது, யாரை விற்கப் போகிறாய் என்று அவர் கேட்டார். அவள் அவருக்கு இடுப்புப் பட்டையைக் கட்டி, அவரை எழுப்பி, தன்னோடு சேர்த்து அணைத்தபடி மேடையில் நிறுத்தினாள். இருவரும் மார்போடு மார்பாக நின்றார்கள். அவர் தோளுக்கு மேலாக அவள் எண்ணைப் படித்தாள். நூற்றுப் பதினான்கு. அவள் எடை அறுபத்தொன்று.

ஐம்பத்து மூன்று. பதினோரு கிலோவைக் காணவில்லை.

அவரைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு எதிரே முக்காலியில் உட்கார்ந்தாள். போர்வையை விலக்கிப் பார்த்தாள். சட்டைக்குள் எலும்பு தெரிந்தது. இதைப் பார்க்காமல் எலிப் பொந்து தேடிக்கொண்டிருந்தோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

“எதுக்கு?” என்றாள்.

அவர் எதிர்ச் சுவரைக் காட்டினார். நாள் பூராவும் அதைத்தானே பார்த்துக்கொண்டு கிடக்கிறார். வாரத்துக்கு முக்கால் கிலோ வீதம் ஆறு மாதம் முடியும்போது அவள் முப்பத்திரண்டை எட்ட மாட்டாள், இரண்டரை கிலோ குறையும் என்று அவர் முதல் மாதமே கணக்குப் போட்டுவிட்டார். அவள் தூக்குவது பாதி என்றால், அவர் ஐந்து கிலோ இறங்கினால் போதும்.

“அப்புறம் ஏன் பதினொண்ணு?”

“நடுவுல உனக்குக் காய்ச்சல் வந்துச்சே, ரெண்டு கட்டம் காலி. மேல கொஞ்சம் உறுதிக்கு,” என்றார். “எனக்கு அங்க போக வேண்டாம். இங்கேயே இருக்கணும். பசி என்ன பெரிய பசி.”

“முப்பத்தொரு வருஷம் ஊரெல்லாம் குறை எடை பிடிச்சேன்,” என்றாள் அவள். “என் வீட்டுக் கட்டில்லயே குறை எடையா? பட்டினி கிடந்து செத்துட்டீங்கன்னா, அப்புறம் நான் எதைத் தூக்குறது?”

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அழுதார்கள்.

சாயங்காலம் மகளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அவர் பழைய எடைக்கு வந்த பிறகுதான் பரீட்சை, இன்னும் மூன்று மாதம் வேண்டும் என்றாள். நீ ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால் அடுத்த மாதமே பாஸாகியிருப்பாயே அம்மா என்று மகள் கேட்டாள். அது எனக்குத் தெரியாதா என்று எடைக்காரம்மா போனை வைத்தாள்.

ஜன்னலின் கீழ்க் கதவுக்கு ஆணி அடிக்கப்பட்டது. நாய் நாலு நாள் வந்து நியாயம் கேட்டுக் குரைத்துவிட்டுப் பழையபடி அவளை வெறுக்க ஆரம்பித்தது. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் எதிரே உட்கார்ந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாயைத் துடைத்தால் துணியை வாங்கி உதறிப் பார்த்தாள். ஞாயிறுதோறும் மேடைத் தராசு. அவர் ஏற ஏற, அவளும் முக்கால் முக்காலாக ஏறினாள். சில வாரம் அவர் முந்தினார், தூக்க முடியாமல் இருவரும் கட்டிலில் விழுந்து எழுந்தார்கள். கடைசி ஞாயிறு அவர் அறுபத்திரண்டில் நின்றார். அதற்கு மேல் உடம்பு ஏற மாட்டேன் என்றது. அவளுக்கு அது உறுத்தியது. பரீட்சை புதன்கிழமை. இரண்டு கிலோ குறைகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டாள்.

புதன்கிழமை காலை அவர் வழக்கத்துக்கு மாறாகப் பளிச்சென்று சவரம் செய்துகொண்டிருந்தார். இடுப்புப் பட்டையையும் தானே கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பட்டை கொஞ்சம் புடைத்த மாதிரி இருந்தது. அவள் கண் அங்கே போய் நின்ற நேரத்தில் மகளும் பிசியோ பெண்ணும் உள்ளே வந்துவிட்டார்கள்.

“ஒரு விஷயம் சொல்லிடறேன்,” என்று எடைக்காரம்மா ஆரம்பித்தாள்.

“முதல்ல தூக்கு, அப்புறம் பேசு,” என்றார் அவர்.

முழங்காலோடு முழங்கால் வைத்தாள். முதல் தடவை எழுந்தபோதே கனம் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமையைவிட அதிகம். பயமாக இருக்கும், அதனால் அப்படித் தோன்றுகிறது என்று நினைத்துக்கொண்டு நாற்காலியில் உட்காரவைத்தாள். திரும்பக் கட்டில். இரண்டாவது தடவை வியர்வை கண்ணில் இறங்கியது. மகள் ஒரு அடி முன்னால் வந்துவிட்டுத் தன்னையே அடக்கிக்கொண்டாள். மூன்றாவது தடவை கட்டிலிலிருந்து எழுப்பி அவரைத் திருப்பும்போது, பட்டைக்குள்ளிருந்து ஏதோ நழுவித் தரையில் விழுந்து கணீரென்று உருண்டது. எடைக்காரம்மா கீழே பார்க்கவில்லை. பிடியும் விடவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து, மறுபடி எழுப்பி, கட்டிலில் உட்காரவைத்து, அதற்குப் பிறகுதான் குனிந்தாள்.

ஒரு கிலோ பித்தளைக் கல். அலமாரியைப் பார்த்தாள். மரப்பெட்டி திறந்திருந்தது, இரண்டு குழி காலியாக இருந்தது. அவர் இடுப்பில் கை வைத்துப் பட்டையைப் பிரித்தாள். இன்னொரு கல் மடிப்புக்குள் இருந்தது.

“இது என்னப்பா?” என்றாள் மகள்.

“குறை எடைன்னா உங்கம்மா விடமாட்டாளே,” என்றார் அவர், மகளைப் பார்க்காமல். “அவளும் நம்மகிட்ட எங்கேயும் குறை வெக்கல.”

எடைக்காரம்மாவுக்குத் திட்டுவதற்கு வாயில் எல்லாம் தயாராக இருந்தது. பாதி வழியில் கை நழுவியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்க வேண்டும். இந்த இரண்டு கிலோவால் தோற்றிருந்தால் அவரை இன்றைக்கே வண்டி ஏற்றியிருப்பார்கள் என்று கத்த வேண்டும். அது தெரிந்துதான் அந்த மனுஷன் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. இரண்டு கல்லையும் முந்தானையில் துடைத்துக் குழிகளில் வைத்தாள். கண்ணையும் அதே முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, பேனாவும் கையுமாக நின்றுகொண்டிருந்த பிசியோ பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள்.

“அறுபத்து நாலு,” என்றாள். “எழுதிக்கம்மா.”